காய்ந்த சுவர்

அவள் கன்னத்தைச் சுவரில் வைத்துப் பார்த்தாள்.

காய்ந்திருந்தது.

விரல்களை நம்ப முடியாது. பிளீச்சிங் பவுடர் கரைசலில் வாரக்கணக்கில் ஊறி, நுனித்தோல் உரிந்து, அவற்றுக்கு இப்போது ஈரமே தெரிவதில்லை. கன்னம்தான் இன்னும் சரியாகச் சொல்கிறது.

முதலில் குழாய்க்கு மேலே. பிறகு வாளி வைக்கும் மூலை. பிறகு ஸ்டூலில் ஏறி, வென்டிலேட்டருக்குக் கீழே.

எங்கும் ஈரமில்லை.

ஸ்டூலை விட்டு இறங்காமல் அப்படியே நின்றாள்.

இந்த இடத்தில்தான் பூசணம் முதலில் வந்தது. மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் நாலைந்து புள்ளிகள். அப்போது குழந்தைக்கு நான்கு மாதம். கணவனின் அம்மா ஆரணியிலிருந்து வந்து உடன் இருந்தார். தினமும் குளியலறையில் கால் நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் போட்டு, ஆவி பறக்க வெந்நீர் ஊற்றுவார். பச்சைக் குழந்தைமேல் காற்றுப் படக் கூடாது என்று வென்டிலேட்டரின் கண்ணாடிப் பட்டைகளுக்கு நடுவே பழைய வேட்டியைக் கிழித்துச் செருகியதும் அவர்தான். ஓர் இடுக்கு விடாமல்.

ஆவிக்குப் போக வழியில்லை. சுவரில் தங்கியது.

புள்ளிகள் கூடின. ஒன்றையொன்று தொட்டன. டைல்ஸுக்கு மேலே பெயின்ட் அடித்த பகுதி முழுக்கக் கறுத்தது.

ஆறாம் மாதம் குழந்தை நறுமுகையின் நெஞ்சுக்குள் ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. உள்ளே ஒரு பூனைக்குட்டி படுத்திருப்பதுபோல.

டாக்டர் வீட்டைப் பற்றி விசாரித்தார். கணவன் தினகர் செல்போனில் சுவரின் படத்தைக் காட்டினான்.

"இது போற வரைக்கும் குழந்தை அந்த வீட்ல வேணாம்" என்றார்.

அன்று சாயங்காலமே அத்தை குழந்தையை ஆரணிக்குத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். நீயும் வா என்று அவளை அழைத்தார். சுவரை யார் பார்ப்பது என்று கேட்டாள். எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது.

பஸ் நகர்ந்தபோது தினகர் அழுதான்.

அவள் பால் பவுடர் டப்பாவைப் பையில் வைத்தோமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

பால் அதற்கு முன்பே நின்றுவிட்டது. பால்சுறாப் புட்டு, பூண்டு, எதற்கும் வரவில்லை. குழந்தை அழுதால் அடுத்த வீட்டில் அழுவதுபோல் கேட்கும். எழுந்து போவாள். தூக்குவாள். தோளில் போட்டுத் தட்டுவாள். எல்லாவற்றையும் சரியாகச் செய்வாள். அதனால் யாரும் எதையும் கவனிக்கவில்லை.

சுவர் வேலை அவளுக்கு வசப்பட்டது.

வென்டிலேட்டரில் செருகியிருந்த துணிகளைப் பிடுங்கினாள். பக்கத்து மாடியின் தண்ணீர்த் தொட்டியும் ஒரு துண்டு வானமும் தெரிந்தன. துப்பட்டாவை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, உப்பிய பெயின்ட்டைத் தகட்டால் சுரண்டினாள். கரைசலைத் தடவிவிட்டு, கால் மணி நேரம் கழித்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தாள். கழுவினாள்.

மூன்றாம் நாள் அது திரும்பி வந்தது.

மறுபடியும் தேய்த்தாள். மறுபடியும் வந்தது.

எவ்வளவு தேய்த்தாலும் போதாது, சுவர் காய வேண்டும் என்பது பிறகுதான் பிடிபட்டது. யார் குளித்து வந்தாலும் உடனே உள்ளே போய் வைப்பரால் சுவரை வழித்தாள். துணியால் ஒற்றினாள். டேபிள் ஃபேனை வாசலில் வைத்து ஓடவிட்டாள். ஈரத் துண்டை உள்ளே தொங்கவிட்டதற்காகத் தினகரைத் திட்டினாள்.

"நீ மெட்டர்னிட்டி லீவ் போட்டதே இந்தச் சுவத்துக்குத்தான் போல" என்றான் அவன். "ஒரு பேரும் வெச்சிடேன்."

அவளும் சிரித்தாள்.

இன்றோடு பன்னிரண்டு நாள். ஒரு புள்ளி இல்லை.

தினகருக்குத் தெரியாது. குளிக்கப் போகும்போது கண்ணாடியைக் கழற்றிவிடுவான். அது இல்லாமல் மேல்சுவர் அவனுக்குக் கலங்கலாகத்தான் தெரியும். அவளைத்தான் கேட்பான். நேற்றுக் காலையிலும் கேட்டான். இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம் என்றாள்.

வாஷ்பேசின் மேல் வைத்திருந்த போன் அடித்தது. ஸ்டூலில் நின்றபடியே குனிந்து எடுத்தாள்.

அத்தை.

"இன்னாம்மா, பூசணம் போச்சா? இவ தவழ ஆரம்பிச்சிட்டா. கால்ல சக்கரம் கட்டிவுட்டாப்ல வாசலுக்கு ஓடறா, புடிக்க முடியல. நெஞ்சுல சத்தமே இல்ல இப்ப. நீ சரின்னு ஒரு வார்த்த சொல்லு, நாளைக்கு மொத பஸ்ஸுலயே தூக்கினு வந்துடறேன்."

பின்னால் குழந்தை எதையோ தட்டியது. எவர்சில்வர் தட்டாக இருக்கலாம். பிறகு சிரித்தது.

அவள் காத்திருந்தாள். உள்ளே ஏதாவது அசையும் என்று.

தட்டு இன்னொரு முறை ஒலித்தது.

முகத்துக்கு நேரே சுவர் வெள்ளையாக இருந்தது.

"இன்னும் போகல அத்த."

"அட ஆண்டவனே. மேலயா?"

"ம். மேலதான்."

"கை என்னாத்துக்காவும் உனுக்கு, பாவம். சரி, நல்லா போவட்டும். இங்க நான் பாத்துக்கறேன்."

போன் அணைந்தது.

அவள் ஸ்டூலிலிருந்து இறங்கினாள். மக்கில் பிளீச்சிங் பவுடரைப் போட்டுக் கரைத்தாள். துப்பட்டாவை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு மறுபடி ஏறினாள்.

வெள்ளைச் சுவரை ஒரு மூலையிலிருந்து தேய்க்கத் தொடங்கினாள்.