டேங்கர் உபயம்

நர்ஸம்மா என் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கையிலிருந்த வண்ண அட்டையோடு ஒட்டிவைத்துப் பார்த்தார்.

தெளிந்த ஓடை. அட்டையில் முதல் கட்டம்.

"பரவாயில்லையே, நல்லா தண்ணி குடிக்கிறீங்க பெரியவரே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்.

என் சொந்தச் சரக்கைக் காட்டியிருந்தால் அந்த அட்டைக்குக் கீழே இன்னும் இரண்டு கட்டம் ஒட்ட வேண்டியிருந்திருக்கும். அதில் ஆணியைப் போட்டால் துருப்பிடிக்குமா என்று கேட்காதீர்கள். ஆணி கரைந்துபோகும்.

நாங்கள் கட்டடத்துக்குக் கம்பி கட்டுகிற கூட்டம். வேலை ஒன்பதாவது மாடியில், கக்கூஸோ கீழே தரையில். மேலே குடிப்பதைக் கீழே கொண்டுவந்து சேர்க்க ஏணியைத் தவிர வேறு வழி கிடையாது. ஆகவே காலையில் நனைத்த நாக்கை வைத்தே சாயங்காலம் வரை ஓட்டிவிடுவோம்.

போன கோடையில் ஒருத்தன் மயங்கிச் சரிந்து, நல்லவேளையாக வலையில் விழுந்தான். அன்று பிடித்தது எங்களுக்குச் சனி. சுவரெல்லாம் 'தண்ணீர் குடி' என்று பலகை. மணிக்கொரு தரம் சங்கு. போதாததற்குத் தினமும் காலையில் இந்த மூத்திரப் பரீட்சை. நிறம் கறுத்தால் வாசலோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கூலி கிடையாது.

மேஸ்திரி தொண்டை கிழியக் கத்துவார்.

"குடிச்சுத் தொலைங்கடா! தலை வலிக்குதுங்கறீங்க, கெண்டைக்கால் இழுக்குதுங்கறீங்க, எல்லாம் தண்ணி இல்லாததுதான்டா. நாளைக்குக் கல்லு வந்து உருளும்போது என்னைக் கூப்பிடாதீங்க!"

கத்திக் கத்தி அவருக்குத்தான் தாகமெடுக்கும். அவரே குடித்துக்கொள்வார்.

எங்களைக் காப்பாற்றி வந்தவன் டேங்கர். மேஸ்திரியின் மச்சினன். அவன் குழாயில் வாய் வைத்தால் அடுத்த தெருவில் மோட்டார் காற்றை இழுக்கும். குடித்துக்கொண்டே இருப்பான், ஒன்பது மாடியும் இறங்கி ஏறிக்கொண்டே இருப்பான். அந்த அலைச்சலில் ஆள் பாதியாகி, பேண்ட்டைக் கட்டுக்கம்பியால் முறுக்கி நிறுத்தியிருந்தான். வாரத்துக்கு ஒரு முறுக்கு கூடும்.

காலையில் முதல் ஆளாகக் கக்கூஸுக்குள் போவான். ஒரு சின்ன வாளியோடு வெளியே வருவான். பிறகு வரிசையாக எங்கள் பாட்டில்களுக்கு விநியோகம்.

"இன்னும் யாருக்குண்ணே? ஆறிடப் போவுது!"

எல்லாம் டேங்கர் உபயம்.

இத்தனை நாள் நிறத்தோடு முடிந்துகொண்டிருந்த பரீட்சையில், அன்று நர்ஸம்மா ஒரு புது டப்பாவைத் திறந்தார். உள்ளே மெல்லிசாகப் பட்டைகள். "அப்படியே சர்க்கரையும் பாத்துடலாம்" என்றார்.

என் பாட்டிலில் ஒன்றை முக்கினார். பட்டை பழுப்பாக மாறியது.

"பெரியவரே, கொட்டிக் கிடக்கே சர்க்கரை!"

அடுத்தவன் பாட்டில். பழுப்பு. அதற்கடுத்தவன். பழுப்பு. போன மாதம் கல்யாணமான புது மாப்பிள்ளை. அதுவும் பழுப்பு.

நர்ஸம்மாவுக்கு வியர்த்துவிட்டது. "என்னய்யா இது, மூத்திரமா, மிட்டாய் கரைச்ச தண்ணியா?"

பட்டைதான் கெட்டுப்போயிற்றோ என்று, தான் குடிக்க வைத்திருந்த தண்ணீரில் ஒன்றை முக்கிப் பார்த்தார். மாறவில்லை. பட்டை யோக்கியமான பட்டை.

எங்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. எல்லோரும் வரிசையின் கடைசியில் நின்ற டேங்கரைப் பார்த்தோம். உதட்டை நக்கிக்கொண்டு நின்றான்.

யாரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் மொத்தக் கும்பலுக்கும் வேலை போகும். நாம் எதற்குச் சொல்ல வேண்டும், அவன் வியாதியை அவன் பாட்டிலே சொல்லிவிடாதா என்று எங்களுக்குள் ஒரு சமாதானம்.

நர்ஸம்மா அவன் பாட்டிலில் பட்டையை முக்கினார். காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம்.

பட்டை மாறவே இல்லை.

"அப்பாடா, ஒருத்தராவது ஒழுங்கா இருக்காரே! இவரைப் பாத்துக் கத்துக்கங்கய்யா. தம்பி, நீங்க வேலைக்குப் போங்க. மத்தவங்க எல்லாரும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க."

ஒரே ஆள், ஒரே வாளி. அதெப்படி என்று நான் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போது, டேங்கர் என் தோளைத் தட்டினான்.

"கவலைப்படாதீங்கண்ணே. இப்பல்லாம் நல்ல மாத்திரை வந்திருக்காம்."

மெய்யாகவே எங்களுக்காக வருத்தப்பட்டான், அந்தப் புண்ணியவான்.

அவன் போய் ஏணியில் கால் வைத்தான். மேஸ்திரி ஓடிவந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பேசினால் முதலில் போவது அவர் வேலை. பேசாமல் வீட்டுக்குப் போனால், அங்கே இருப்பவள் டேங்கரின் அக்கா.

"அவன் பாட்டில்ல இருக்கிறது என்னோடதும்மா" என்றார்.

நர்ஸம்மா நிமிர்ந்தார்.

"புதுசா வந்தவனுங்களுக்கும் சேத்துத் தன்னோடதை ஊத்திட்டான். கடைசில தனக்கு இல்லாம, மாமா மாமான்னு என்கிட்ட வந்து நின்னான். தொலையட்டும்னு நானும் குடுத்துட்டேன்."

நர்ஸம்மா அட்டையை மேசைமேல் வைத்தார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அதற்கு நாலு வார்த்தை வைதிருக்கலாம்.

பிறகு ஒரு புதுப் பாட்டிலை எடுத்து டேங்கரின் கையில் திணித்தார்.

அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சங்கடமாகச் சிரித்தான்.

"இப்ப ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் இவங்களுக்கே சரியாப் போச்சு. செத்த இருங்க, கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு வந்துடறேன்."