தலைக்கு மேலே பூட்ஸ்

துண்டுக்குள் சுற்றி இடுப்பில் கட்டியிருந்த பெட்டி, எலிக்குஞ்சு மாதிரி ‘கீ’ என்றது. தொடைக்குக் கரண்ட் வந்துவிட்டது.

முதல் படியில் கால் வைத்தேன்.

மாடியில் பூட்ஸ் சத்தம் நிற்கவில்லை. அலமாரியிலிருந்து ஜன்னலுக்கு, ஜன்னலிலிருந்து அலமாரிக்கு. இடது காலைக் கொஞ்சம் தேய்த்து நடக்கிற களவாணி. வீட்டுச் சொந்தக்காரன் போல என்ன ஒரு நிதானம்.

வீட்டுச் சொந்தக்காரன் நான். அந்த அறையில் இருப்பவள் என் மனைவி.

கரண்ட் நின்றது. நானும் நின்றேன். உதட்டைக் குவித்து, சுடரை அணைக்காமல் மெழுகுவர்த்தியை ஊதுகிறவன்போல மூச்சை மெல்ல விட்டேன்.

என் நுரையீரல்கள் இனிப் பஞ்சர் ஒட்டக்கூட இடமில்லாத பழைய டியூப்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, இனி என்னால் படி ஏற முடியாது என்று எனக்குக் கீழே முன்னறையில் ஒரு கட்டில் போட்டார்கள். மனைவி மாடியில் இருந்த தன் கட்டிலை விடவில்லை.

“நான் கீழ வந்து படுத்தா நீங்க மேல வரவே மாட்டீங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து ஒரு குடும்பம், இரண்டு தேசம்.

‘கீ.’ அடுத்த படி.

பிசியோதெரபிப் பெண்தான் இந்தப் பெட்டியைக் கொண்டுவந்தாள். தொடைகளில் பட்டைகளை ஒட்டி ஒயரைச் செருகினாள். நுரையீரலைப் புதிதாக்க முடியாதாம். உட்கார்ந்தே சூம்பிப்போன கால்களைத் தேற்றினால், அவை கேட்கிற மூச்சு குறையுமாம். கரண்ட் வரும்போது நாற்காலியிலிருந்து எழ வேண்டும், போனதும் உட்கார வேண்டும்.

நான் மின்திருட்டைப் பிடிக்கும் படையில் இருந்து ஓய்வு பெற்றவன். எந்தச் சுவருக்குள் கரண்ட் பதுங்கினாலும் மோப்பம் பிடித்து இழுத்து வந்தவன். அந்தப் பகையை மனதில் வைத்திருந்து, அது என் தொடைக்குள் புகுந்து தவளைகளைக் குதிக்க விட்டது. முதல் நாள் நான் போட்ட கூச்சலில் தெருவில் போன லாரி பிரேக் அடித்து நின்றது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னேன். இந்த வயதில் மாடி ஏறி நான் எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போகிறேன்?

மறுநாள்தான் தலைக்கு மேலே பூட்ஸ் நடக்க ஆரம்பித்தது.

“மேல யாரு?” என்று மனைவியைக் கேட்டேன்.

“யாரு இருக்கா? காத்தா இருக்கும்.”

பூட்ஸ் போட்டு நடக்கிற காற்றை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. பெட்டியைத் திரும்ப வரவழைத்தேன். கால் தேற வேண்டும், மேலே போக வேண்டும், அவனைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். மற்றவர்கள் ஆரோக்கியத்துக்காக எழுந்து உட்காரட்டும், நான் விசாரணைக்காக எழுந்து உட்கார்ந்தேன்.

தடயங்கள் மலையாய்க் குவிந்தன. பெட்டி ‘கீ கீ’ என்று கத்திக்கொண்டிருக்கும் வரை மேலே மூச்சுப் பேச்சு இருக்காது. நான் சலித்துப்போய் அதை அணைத்துப் படுத்தால், உடனே தடதட. ஆக, மேலே இருப்பவன் என் பெட்டிக்குக் காது கொடுத்துக்கொண்டே இருக்கிறான். மனைவி போனில் யாரிடமோ குசுகுசுக்கிறாள், என்னைக் கண்டதும் வெட்டிவிடுகிறாள். படி திரும்பும் இடத்தில் திடீரென்று ஒரு நாற்காலி முளைத்திருக்கிறது. வேவு பார்க்கிறவன் உட்காரத்தான், வேறெதற்கு?

‘கீ’ அவன் காதில் விழக்கூடாது என்றுதான் இன்று பெட்டிக்குத் துண்டு.

அந்த நாற்காலி வரை வந்துவிட்டேன். நெஞ்சு ரயில் இன்ஜின் போல இரைந்தது. எதிரியின் நாற்காலிதான், ஆனாலும் உட்காரச் சுகமாக இருந்தது. முதுகுக்கு யாரோ குஷன்கூட வைத்திருந்தார்கள்.

மூச்சு அடங்கியதும் மறுபடி ஏறினேன். கரண்ட் வர ஒரு படி, போனதும் ஓய்வு. கடைசிப் படியை நான் மிதித்தபோது கொடி நட ஆள் இல்லாததுதான் குறை.

கதவில் கை வைத்தேன். துண்டு நழுவி விழுந்தது.

‘கீ!’

பூட்ஸ் சத்தம் சட்டென்று நின்றது.

ஓடிவிடுவான் என்று கதவைத் தள்ளினேன்.

அறை நடுவே மனைவி மண்டியிட்டிருந்தாள். இரண்டு கைகளும் முழங்கை வரை என் பழைய டியூட்டி பூட்ஸுக்குள் இருந்தன. இடது குதிகால் தேய்ந்த அதே ஜோடி.

கட்டிலில் கிடந்த போனிலிருந்து பிசியோதெரபிப் பெண்ணின் குரல் கேட்டது. “ஏம்மா நிறுத்திட்டீங்க? இன்னும் கொஞ்சம் நடங்க. அவர் படுத்துடப் போறாரு.”

மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கால்களையே பார்த்தாள்.

“போதும்மா” என்றாள் போனைப் பார்த்து. “ஆளு வந்தாச்சு.”

பழக்கதோஷம், கட்டிலுக்கு அடியிலும் ஒரு தரம் குனிந்து பார்த்தேன். யாரும் இல்லை.

கட்டிலின் மேல் இரண்டு தலையணைகள் இருந்தன. ஜன்னல் பக்கம், என் இடத்தில் இருந்தது மட்டும் கசங்கவே இல்லை.