பெரிய மூட்டை

“மெமரி நூத்துக்கு நூத்தி நாலு காட்டுது அண்ணாச்சி. புரோகிராம் சிப்புல ஏறாது” என்றாள் இந்துமதி.

படகுக்கு ஆபத்து என்றால், பட்டனை அமுக்கியதும் ஒயர்லெஸ்ஸில் தானே பேசி உதவி கேட்கும் கருவி அது. மறுநாள் துறைமுகத்தில் அறிமுக விழா. புரோகிராம் ஏறாவிட்டால் மேடையில் வெறும் டப்பாதான்.

முதலாளி செந்தில்வேல் உதட்டைப் பிதுக்கினார். “தோணியில நாலு மூட்டை கூடுனா முங்கியா போவுது? அமுக்கி ஏத்துளா.”

“இதுல அமுக்க முடியாது அண்ணாச்சி.”

“இதுக்குத்தான் இன்ஜினியருக்குப் படிச்சியாக்கும். எது பெரிய மூட்டைன்னு பாத்து, தூக்கிக் கடல்ல போடு.”

பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். “நிச்சயமா போட்டிரவா?”

“அதுக்கும் முகூர்த்தம் பாக்கணுமோ?”

மறுநாள் விசைப்படகு முதலாளி ஹாமிது பட்டனை அமுக்கினார். “படகு ஆபத்தில் இருக்கிறது, உதவி தேவை” என்றது கருவி.

“சட்டுன்னு விஷயத்துக்கு வருதே. என் படகு எல்லாத்துக்கும் ஒண்ணு வைங்க” என்றார் ஹாமிது.

கூட்டம் கைதட்டியது. செந்தில்வேல் மட்டும் இந்துமதியின் காதருகே பல்லைக் கடித்தார். “ஏளா, அதுக்கு முன்னால வரணும்னு என் பட்டமெல்லாம் சொல்லி வரவேற்புரை பேசிப் பதிஞ்சு குடுத்தேனே, அது எங்க?”

“கடல்ல அண்ணாச்சி. அதுதான் பெரிய மூட்டை.”