வெளியே தொங்கிய பூட்டு

"மூச்சு விடாதீங்க!" என்று கற்பகம் கணவனின் வாயைப் பொத்தினாள். தறிக்குழிக்குள் காலைத் தொங்கப் போட்டபடியே லோகநாதன் அப்படியே பொம்மையாகிப்போனான். பாதி நெய்த பட்டுப்புடவை அவன் முன்னால் அசையாமல் கிடந்தது.

தெருவில் ஒரு வண்டி வந்து நின்றது. ஆட்டோ இல்லை, அதைவிடக் கனமான சத்தம்.

வாசல் கதவு வெளியே பூட்டியிருந்தது. பூட்டியவள் பக்கத்து வீட்டு சுபத்ரா. "ரேஷன் கடைக்குப் போய்ட்டு வந்து தொறக்குறேங்க்கா" என்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள். ஜன்னல்களைச் சாத்தியாயிற்று, செல்போன் இரண்டையும் அணைத்தாயிற்று. இனிச் சத்தம் மட்டும் வெளியே போகாமல் இருந்தால் தப்பித்தார்கள்.

கற்பகத்தின் கையை விலக்கி லோகநாதன் கிசுகிசுத்தான். "குட்டி யானை வண்டிடி. சத்தத்திலயே தெரியல?"

"லோடு வண்டியா? ஐயோ, அப்ப எத்தினி பேரு ஏறிகினு வந்திருக்காங்களோ!"

வந்தது திருடனும் இல்லை, போலீசும் இல்லை. லோகநாதனின் கூடப் பிறந்த அக்கா கெங்கம்மாள், தெள்ளாரிலிருந்து. காலையில்தான் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தாள். "லோகு, அறுப்பு வேல எல்லாம் முடிஞ்சிச்சிடா. மத்தியானம் வரோம். ஊட்லயே இருங்க."

அறுப்பு முடிந்துவிட்டது என்றால் இனி ஊரில் வேலை இல்லை. வேலை இல்லை என்றால் பத்து நாள் இங்கேதான். அதைக் கேட்டதிலிருந்து கற்பகத்துக்கு உடம்பு உதறிக்கொண்டே இருக்கிறது.

சொந்த நாத்தனாருக்கா இந்த நடுக்கம் என்று கேட்பீர்கள். கற்பகத்தின் அரிசி டப்பாவை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். அரிசி, எண்ணெய், கேஸ் என்று எல்லாம் ஏறி உச்சாணிக் கொம்பில் உட்கார்ந்துவிட்டது. தறிக் கூலி மட்டும் இருந்த இடத்திலேயே குந்திக்கொண்டிருக்கிறது. இந்தப் புடவையை நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்துக் கூலி வாங்கச் சனிக்கிழமை ஆகும். அதுவரை டப்பாவின் அடியில் கிடப்பதுதான் இவர்கள் இரண்டு பேருக்கும், பள்ளிக்கூடம் போயிருக்கும் மகளுக்கும் சோறு.

போன ஆடியில் கெங்கம்மாள் குடும்பத்தோடு வந்து ஒரு வாரம் இருந்தாள். நல்ல மனுஷிதான், ஒரு குறை சொல்ல முடியாது. "கற்பகம் கை சாம்பார் யாருக்கும் வராது" என்று சொல்லிச் சொல்லியே எல்லாரும் ஒரு பிடி பிடித்தார்கள். அவர்கள் ஊருக்குப் போன பிறகு இரண்டு மாசம் இந்த வீட்டில் வெறும் ரசம் சோறுதான். இப்போது அதுவும் முடியாது.

வாசலில் தொப்பென்று ஏதோ விழுந்தது. அடுத்து இன்னொரு தொப்.

"மூட்ட முடிச்செல்லாம் எறக்கறாங்க!" கற்பகத்தின் கண் கலங்கிவிட்டது. "பத்து நாள் இல்லைங்க, ஒரு மாசத்துக்குத் துணி எடுத்தாந்திருக்காங்க!"

அந்த நேரம் பார்த்து அடுப்படியில் குக்கர் 'உஸ்' என்றது. ஐயையோ! சோறு வைத்ததையே மறந்துவிட்டாளே. விசில் அடித்தால் மானம் போய்விடும். அவசர அவசரமாகத் தவழ்ந்து போய் கேஸை அணைத்தாள். விசில் பாதி எழும்பி அடங்கியது.

"லோகு! கற்பகம்!" கதவு தடதடத்தது. "இப்பதானப்பா தறி சத்தம் கேட்டுச்சு?"

"பக்கத்து ஊட்டு தறியா இருக்கும்மா. பூட்டு தொங்குது பாருங்க" என்றான் வண்டிக்காரன்.

"சோறு வேகுற வாசன கூட வருதேப்பா!"

கற்பகம் படவேட்டு அம்மனைக் கூப்பிட்டாள். தவழ்ந்தே தறிக்குத் திரும்பி வந்தாள்.

"அக்காடி..." லோகநாதனின் குரல் உடைந்தது. "வெயில்ல நின்னுகினு இருக்குது. ஒரு கொரல் குடுத்துட்றேன்."

"குடுத்துட்டு? சனிக்கெழம வரைக்கும் பொண்ணுக்கு இன்னா போடுவீங்க?" மறுபடியும் அவன் வாயை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே கெங்கம்மாள் போனைக் காதில் வைத்துப் பார்த்தாள் போலிருக்கிறது. "ரெண்டு பேருதும் சுவிட்ச் ஆஃப்னு வருதுப்பா. எங்கனா கல்யாணத்துக்குப் போச்சுங்களோ இன்னாவோ." பெருமூச்சு விடுவது உள்ளே வரை கேட்டது. "சரி வுடு. வந்தவாசில சின்னத் தம்பி ஊட்டுக்குப் போயிடலாம்."

கற்பகத்துக்கு அப்போதுதான் உயிர் வந்தது. அழுகையும் சிரிப்புமாக நெஞ்சைத் தடவிக்கொண்டாள். கூடவே சின்னக் கொழுந்தன் பெண்டாட்டியை நினைத்தும் பரிதாபமாக இருந்தது.

"பாவம், அவ மாட்டிகினா" என்று கணவனின் காதில் சொன்னாள்.

வண்டி உறுமியது. அதற்கு மேலே கெங்கம்மாளின் குரல் கேட்டது.

"இன்னாப்பா நின்னுகினு இருக்க? அந்த ரெண்டு மூட்ட அரிசியையும் திரும்ப வண்டில ஏத்து!"