அப்பாவின் அறிவிப்பு

உலக வரலாறு பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டிய செய்தி: ஊழியர்கள் பிள்ளைகளை ஒருநாள் வேலையிடத்துக்கு அழைத்து வரலாம் என்று ரயில் நிலைய மேலாளர் திருவாய் மலர்ந்தருளினார்.

அறிவிப்பு அறையில் வேலை பார்க்கும் அம்மா மகளைக் கூட்டிப்போனாள். மகள் பிறக்கும் முன்பே இறந்துபோன அப்பாவின் குரல்தான் அங்கே இன்னும் ரயில்களை அறிவிக்கிறது. ஊர்ப்பெயர்கள், எண்கள், தாமதத்துக்கு ஒரு வருத்தம்; அவர் பதிவு செய்து வைத்தது அவ்வளவுதான்.

"அப்பா என் பேரைச் சொல்வாராம்மா?"

"நீ என்ன ரயிலாடி, வாலு? சும்மா உட்காரு."

அம்மா பொத்தானை அழுத்தினாள். நிலையம் முழுக்க அப்பா பேசினார்.

"வாலுவின் கனிவான கவனத்திற்கு. சாப்பிட்டியாடா செல்லம்?"

"சாப்பிட்டேன்ப்பா!" என்று மகள் ஒலிபெருக்கியைப் பார்த்துக் கத்தினாள். அம்மா பொத்தானிலிருந்து விரலை எடுக்கவேயில்லை.

நடைமேடையில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ரயில் வழக்கம்போலத் தாமதம்.