அக்காவின் வெள்ளணுக்கள்

பள்ளியில் யார் என்னைச் சீண்டினாலும் அக்கா வரிந்துகட்டிக்கொண்டு சண்டைக்குப் போவாள். வளர்ந்தபின் எனக்கு ரத்தப் புற்றுநோய் வந்தபோது தன் எலும்பு மஜ்ஜையைக் கொடுத்தாள். அன்றிலிருந்து என் உடம்பில் ஊறுவது அவள் ரத்தம். அவள் இறந்து ஒரு வருடம் ஆகிறது.

இந்த மழைக்காலத்தில் என் நுரையீரலில் பூஞ்சை பிடித்தது. சளியைச் சோதித்த டாக்டர் சிரித்தார்.

"வெள்ளணுக்கள் பூஞ்சையைச் சுத்தி வளைச்சு முழுங்கிட்டிருக்கு. மருந்துக்கு முன்னாடியே உங்க அக்கா இறங்கிட்டாங்க."

பிறகு ஸ்டெதஸ்கோப்பை என் முதுகில் வைத்தார். சிரிப்பு மறைந்தது. இடம் மாற்றி மறுபடி வைத்துக் கேட்டார்.

"உங்களை வீட்டுல 'சுண்டெலி'ன்னு கூப்பிடுவாங்களா?"

தலையாட்டினேன். அப்படிக் கூப்பிட்டவள் அக்கா ஒருத்திதான்.

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைத் தன் காதிலிருந்து கழற்றி என் காதில் மாட்டிவிட்டார்.