கைராசி

"இது யாரு வெரலும்மா? நீயே சொல்லு."

ஆவுடைநாயகம் அண்ணாச்சி பம்ப் தண்டை மேசைமேல் டங்கென்று வைத்தார். தூத்துக்குடி உப்பளத்திலிருந்து திரும்பி வந்த சரக்கு. தண்டு முழுக்க மங்கலான ஈய நிறம்; நடுவில் மட்டும் மூன்று விரல் தடங்கள் தேய்ந்து பளபளத்தன.

ரீபா குனிந்து தடங்களைப் பார்த்தாள். பேட்டையில் இருந்த அண்ணாச்சியின் பட்டறையில் பிளாஸ்மா உலை அவள் பொறுப்பு. காற்றை உறிஞ்சி எடுத்து, நைட்ரஜனை விட்டு மின்சாரம் கொடுத்தால், அது ஊதாவாக ஒளிர்ந்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் தோலுக்குள் இறங்கும். தோல் கல்லாக இறுகும். மேலே இம்மி அழுக்கு ஒட்டியிருந்தாலும் போச்சு, அந்த இடம் மட்டும் இறுகாது.

தண்டுகளைத் துடைத்து ஏற்றுவது ரீபா. அவள் பின்கட்டுக்குப் போய்க் காற்றை உறிஞ்சும் பம்பை ஓடவிடுவதற்குள் உலையை மூடுவது அண்ணாச்சி. கைராசிக்காரர் என்று பேர்.

"கிளவுஸ் இல்லாம நான் தொட்டதே கெடையாது அண்ணாச்சி."

"அப்ப பேயா வந்து தொட்டுச்சு? லோடுக்கு ஒரு தண்டு இப்படி வருது. கையில கிரீமை அப்பிக்கிட்டு வந்தா வேற என்ன ஆகும்?"

"நான் பவுடரே போடமாட்டேன். வேணும்னா மோந்து பாருங்க."

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சலில்ல. இன்னொரு தண்டு இப்படி வந்தா ஆர்டரே வேண்டாங்கான் உப்பளத்துக்காரன். நாளையிலேருந்து நீ வரவேண்டாம். இந்த லோடை நானே ஏத்திக்கிடுதேன்."

அழக்கூடாது என்றுதான் நினைத்தாள், அழுதுவிட்டாள். இந்த வேலை போனால் அம்மாவைத் தனியே விட்டுவிட்டு வேலை தேடி ஓசூருக்குத்தான் ஓடவேண்டும்.

பஸ் ஸ்டாப்புக்குப் போனவளுக்கு டிபன் பாக்ஸ் ஞாபகம் வந்தது. வேலை போனதைக்கூட அம்மா பொறுத்துக்கொள்வாள், பாத்திரம் போனால் விடமாட்டாள். திரும்பினாள்.

அண்ணாச்சி புதுக் கையுறை மாட்டி, ஒன்றுக்கு இரண்டுமுறை ஸ்பிரிட்டில் துடைத்து, தண்டுகளைப் பைய உலைக்குள் நிறுத்திக்கொண்டிருந்தார். குறை சொல்ல இடமே இல்லை. அப்படியானால் தப்பு என்மேல்தானோ என்று ரீபாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மூடுவதற்கு முன் அண்ணாச்சி வலது கையுறையைக் கழற்றினார். சுவரில் மாட்டியிருந்த நெல்லையப்பர் படத்தைப் பார்த்து, "அப்பனே, இந்த லோடாவது நல்லபடியா வரணும்" என்றார்.

பிறகு, குழைத்து வைத்திருந்த திருநீற்றில் மூன்று விரலைத் தோய்த்து, முதல் தண்டுக்கு அழுத்தமாக ஒரு பட்டை போட்டார்.